பியர் வரவில்லையா? காஸைக் கூட்டாதீர்கள்

"அண்ணை, பியர் வருகுதில்லை. பின்னேரம் ஆக்கள் வருகினம். ஒருக்கா வந்து பாக்கேலுமோ?"

வெள்ளி, சனி என்றால் இப்படி ஒரு அழைப்பாவது வந்துவிடும். ரொறன்ரோவில் குளிர்சாதனப் பெட்டி திருத்துவதுதான் என் தொழில். உணவகம், பலசரக்குக் கடை என்று ஓடியவனை வீட்டு பியர் மெஷின்களும் பிடித்துக்கொண்டன. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் பேஸ்மென்ற்றில் சின்னதாக ஒரு பார் கட்டி, பெட்டிக்குள் ஒரு கெக்கும் (பியர் பீப்பாய்) அதைத் தள்ளும் காபனீரொட்சைட்டு (CO2) காஸ் சிலிண்டரும் வைத்து, மேலே குழாய் பூட்டியிருப்பார்கள். நல்லாய் வேலை செய்யும் மட்டும் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் முதலில் கேட்பது காஸ் அழுத்தத்தை, பிஎஸ்ஐ கணக்கில்: "இப்ப எத்தினை பிஎஸ்ஐயில நிக்குது?" வரும் பதிலைக் கேட்டாலே பாதி வேலை எனக்கு விளங்கிவிடும். "பன்னிரண்டில இருந்தது. வரேல்லை எண்டு நாற்பதுக்குக் கூட்டி விட்டனான்." பத்து அழைப்பில் நாலைந்தில் இதுதான் கதை.

தண்ணீர்க் குழாய் அடைத்தால் மோட்டாரைக் கூட்டுகிற பழக்கம் இது. பியருக்கு அது சரிவராது. வழக்கமான பியர் 3 பாகை செல்சியஸ் குளிரில் இருந்தால், 10 முதல் 12 பிஎஸ்ஐ அழுத்தமே போதும். அந்த அழுத்தம் பியரைத் தள்ளுவதற்கு மட்டும் இல்லை, பியருக்குள் கரைந்திருக்கும் காஸை அங்கேயே பிடித்து வைப்பதற்கும் அதுதான். நாற்பதுக்குக் கூட்டினால் அடைப்பு விலகாது. கெக்குக்குள் இருக்கும் குளிர்ந்த பியர் மேலும் மேலும் காஸைக் குடித்துக்கொண்டே இருக்கும். பிறகு அடைப்பு நீங்கிக் குழாயைத் திறந்தால் கிளாஸ் முழுக்க நுரை. பியரில் ஏறிய காஸை இறக்க ஒரு நாள், சில வேளை இரண்டு நாள் பிடிக்கும்.

ஒரு ஜனவரியில் கராஜில் வைத்திருந்த மெஷின் ஒன்றைப் பார்க்கப் போனேன். வெளியே மைனஸ் 15. வீட்டுக்காரர் வெப்பநிலைக் குமிழை "குறைந்த குளிர்" பக்கம் முழுதாகத் திருப்பியிருந்தார். அது செய்யக்கூடியது குளிர்விப்பதை நிறுத்துவது மட்டும்தான். சூடாக்க அதற்கு வழியே இல்லை. கராஜ் மைனஸில் இருந்தால் பெட்டியும் மெல்ல மெல்ல மைனஸுக்குப் போகும். 5 சதவீத பியர் மைனஸ் 2, 3 பாகை வாக்கில் உறையத் தொடங்கும். கெக்கில் இருக்கும் ஐம்பது அறுபது லீற்றர் உறைய நாளெடுக்கும். மேலே போகும் மெல்லிய பைப் ஓர் இரவில் உறைந்துவிடும். அந்தப் பைப்பின் உள்விட்டம் ஐந்து மில்லிமீற்றர்கூட இல்லை. மெஷினை உள்ளே கொண்டுவந்து, மின்சாரத்தைக் கழற்றி, பைப்பில் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றினோம். இருபது நிமிடத்தில் திறந்தது. நாற்பது பிஎஸ்ஐயில் நின்ற பியர் சுவரெல்லாம் தெறித்தது தனிக்கதை.

சரி, கூட்டுவதில்லை என்றால் என்னதான் செய்வது? கெக்கின் தலையில் பூட்டியிருக்கும் கப்ளரின் பக்கத்தில் சின்ன வளையம் ஒன்று தொங்கும். அதை ஒரு விநாடி இழுத்து விடுங்கள். "உஸ்" என்று காஸ் வந்தால், சிலிண்டரிலிருந்து கெக் வரை பாதை சரி, கோளாறு பியர் வெளியே வரும் பக்கம். சத்தமே இல்லை என்றால் காஸ் பக்கம். எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் எல்லாவற்றையும் கழற்றித் தரையில் பரப்பத் தேவையில்லை.

காஸ் பக்கம் என்றால் பெரும்பாலும் சிலிண்டர் முடிந்திருக்கும், அல்லது சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துக் கெக்குக்கு விடும் றெகுலேற்றருக்குக் கீழே உள்ள சின்ன வால்வை யாரோ மூடியிருப்பார்கள். இங்கேதான் மீற்றர் ஆட்களை ஏமாற்றுகிறது. சிலிண்டருக்குள் இருப்பது திரவம். கடைசித் துளி திரவம் இருக்கும்வரை, சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் பெரிய மீற்றரின் முள் அசையாது. அறை வெப்பத்தில் 800 பிஎஸ்ஐ தாண்டியே நிற்கும். திரவம் முடிந்ததும் மளமளவென்று விழும். "நேற்று ஃபுல்லாக் காட்டினது அண்ணை" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. இன்னொரு பக்கம், சிலிண்டரைப் பெட்டிக்குள் குளிரில் வைத்திருப்பவர்களுக்கு முள் 550 வாக்கில்தான் நிற்கும். காஸ் குறைந்துவிட்டது என்று பதறிப்போய் நிரப்பிய சிலிண்டரையே மாற்றக் கொண்டுபோனவர்களும் உண்டு. முள்ளை விடுங்கள். வெறும் சிலிண்டரின் எடை அதன் தோளில் பொறித்திருக்கும். குளியலறைத் தராசில் வைத்து நிறுத்து அதைக் கழித்தால் மிச்சம்தான் காஸ்.

பியர் பக்கம் என்றால் முதலில் கப்ளரின் கைபிடியைப் பாருங்கள். அதை வெளியே இழுத்து, "கிளிக்" என்று விழும்வரை கீழே அழுத்த வேண்டும். பாதியில் நின்றால் பியர் வராது. ஐரோப்பிய பியர் வாங்கியவர்களுக்கு இன்னொரு சிக்கல். இங்கே பொதுவாகப் புழங்குவது டி வகைக் கப்ளர். பல ஐரோப்பிய கெக்குகளுக்கு எஸ் வகை வேண்டும். இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி. எஸ்ஸின் நடுமுனை மட்டும் கொஞ்சம் நீளம். தவறானதை மாட்டினால் பூட்டியது போல இருக்கும், வாய் சரியாகத் திறக்காது.

அடுத்தது குழாய். நாலைந்து நாள் திறக்காமல் விட்டால் உள்ளே காய்ந்த பியரின் சீனி பசை போலப் பிடித்துக்கொள்ளும். கைபிடியைப் பிடித்து இழுத்து உடைத்த குழாய்கள் ஒரு பெட்டி நிறைய என்னிடம் இருக்கின்றன. வெந்நீர்த் துணியைச் சுற்றி ஐந்து நிமிடம் பொறுத்தால் தானாக இளகும். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை பைப்பைக் கழுவினால் இந்தப் பிரச்சினையே வராது. கழுவும் மருந்து கண்ணில் பட்டால் கண்ணையே எடுக்கக்கூடிய காரம். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, தண்ணீருக்குள் மருந்தை ஊற்றுங்கள், மருந்துக்குள் தண்ணீரை அல்ல. கழுவிய பிறகு நிறையத் தண்ணீர் ஓடவிட்டுத்தான் கெக்கைத் திரும்பப் பூட்ட வேண்டும்.

கெக்கின் கழுத்தைத் திறந்து உள்ளே பார்க்க மட்டும் நினைக்காதீர்கள். நடுவில் இறங்கும் உலோகக் குழல் அழுத்தத்தோடு கழன்றால் ஈட்டி மாதிரி மேலே பாயும். குனிந்து பார்க்கிற முகம்தான் அதன் வழியில் இருக்கும். நான் கெக்கைத் திறப்பதில்லை. கடைக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிடுவேன்.

இதுவரை சொன்னதெல்லாம் பியர் சம்பந்தப்பட்டது. இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்த காரணம் வேறு.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒருவர் காஸ் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே என்னை அழைத்தார். மூன்று கிழமைக்குள் இரண்டு சிலிண்டர் முடிந்துவிட்டதாம், கடையில் குறைத்து நிரப்புகிறார்களாம். ஒரு பெரிய கெக்கை ஊற்றி முடிக்க ஒரு பவுண்டு காஸ்கூடச் செலவாகாது. அவருடையது ஐந்து பவுண்டுச் சிலிண்டர். அப்படியானால் மிச்சம் எங்கே போனது? சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையில் தொட்டு, சிலிண்டரும் றெகுலேற்றரும் சேரும் இடத்தில் பூசினேன். பொங்கல் பானை மாதிரி நுரைத்தது. சிலிண்டர் மாற்றும்போது நடுவில் போட வேண்டிய சின்ன வோஷர் விழுந்துவிட்டது. விலை ஒரு டொலர் இருக்காது.

பார் இருந்தது ஜன்னல் இல்லாத பேஸ்மென்ற்றில். பக்கத்து அறையில் ஊரிலிருந்து வந்த மாமியார் படுத்திருந்தார். காலையில் தலையிடி என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது வீட்டாருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "ஆனா அலாரம் அடிக்கேல்லையே அண்ணை," என்றார் மருமகன், சுவரைக் காட்டி.

அந்த அலாரம் அடிக்காது. ஊரில் விஞ்ஞானப் பாடம் படித்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும்: காபனோரொட்சைட்டு (CO), காபனீரொட்சைட்டு (CO2). ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஒன்ராறியோ வீடுகளில் பூட்டியிருக்கும் அலாரம் முதலாவதுக்கு. அடுப்பு, ஹீற்றர் ஒழுங்காக எரியாவிட்டால் வருவது அது. பியர் சிலிண்டரில் இருப்பது இரண்டாவது. அதற்கு வேறு கருவி வேண்டும், தனியாக வாங்கத்தான் வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ காபனீரொட்சைட்டு வெளியே வந்தால் 540 லீற்றர் அளவு காஸாக விரியும். ஐந்து பவுண்டுச் சிலிண்டர் முழுதும் கசிந்தால் 1200 லீற்றருக்கு மேல். பத்தடிக்குப் பத்தடி, எட்டடி உயரமான மூடிய அறையில் அது ஒரேயடியாகக் கலந்தால் காற்றில் 5 சதவீதத்தைத் தாண்டும். சாதாரணக் காற்றில் இருப்பது 0.04 சதவீதம். எட்டு மணிநேரம் வேலை செய்யும் இடத்துக்கு வைத்திருக்கும் எல்லை 0.5. நாலு சதவீதம் என்றாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்றுதான் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. இதற்கு நிறமும் இல்லை, எச்சரிக்கும் மணமும் இல்லை. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் கீழே தேங்கும். பேஸ்மென்ற்றில் தரையில் மெத்தை போட்டுப் படுக்கிற பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் புது வோஷர் போடுங்கள், சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பாருங்கள். சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலியால் கட்டி வையுங்கள்; சாய்ந்தால் திரவம் றெகுலேற்றருக்குள் ஏறிவிடும். ஊருக்குப் போகும்போதோ, கிழமைக் கணக்கில் குடிக்காமல் விடும்போதோ சிலிண்டர் வால்வையே மூடிவிடுங்கள். படியிறங்கும்போதே சீறும் சத்தம் கேட்டாலோ, கீழே நின்றால் தலை சுற்றி மூச்சு வாங்கினாலோ எங்கே கசிகிறது என்று தேடப் போகாதீர்கள். வீட்டிலுள்ள எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்து 911ஐ அழையுங்கள். கீழே ஒருவர் விழுந்து கிடக்கிறார் என்று இன்னொருவர் இறங்கி, இருவருமாகக் கிடப்பதுதான் இந்தக் காஸ் செய்கிற வேலை.

அப்புறம் ஒன்று, இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். போன மாதம் ஒருவர் அழைத்தார். வளையத்தை இழுக்கச் சொன்னேன், காஸ் வந்தது. கப்ளர் சரி, பைப் உறையவில்லை, குழாயும் இறுகவில்லை. "தம்பி, கெக்கை ஒருக்கா ஆட்டிப் பாருங்கோ," என்றேன். நிரம்பிய பெரிய கெக் எழுபது கிலோ தாண்டும், லேசில் அசையாது. வெறும் கெக் பதின்மூன்று, பதினாலு கிலோதான்.

மறுமுனையில் ஏதோ உருளும் சத்தம். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அண்ணை... நீங்க வரத் தேவையில்லை."