நுண்ணெகிழியா, நுண்நெகிழியா?

மைக்ரோபிளாஸ்டிக்குத் தமிழ்ல இந்த ரெண்டுல எது சரின்னு பாக்கலாம். மைக்ரோபிளாஸ்டிக்னதும் நிறைய பேர் கண்ணுக்கே தெரியாத தூசின்னு நெனச்சுக்கறாங்க, பேர்லயே மைக்ரோ இருக்கே. ஆனா 5 மில்லிமீட்டருக்குக் கீழ இருந்தா எல்லாமே இதுல சேத்திதான், அதாவது அரை சென்டிமீட்டர் வரைக்கும், விரலால கிள்ளி எடுக்கற சைஸ் கூட. 2004ல ரிச்சர்ட் தாம்ப்சன்ங்கற பிரிட்டன் கடல் உயிரியலாளர் சயின்ஸ் இதழ்ல எழுதின கட்டுரைக்கு அப்புறம்தான் சொல் பரவுச்சு, அந்த 5 மி.மீ. கணக்கெல்லாம் பின்னாடி வந்தது.

மைக்ரோ, பிளாஸ்டிக் ரெண்டுமே கிரேக்க வேர். பிளாஸ்டிகோஸ்னா வேணுங்கற வடிவத்துக்குப் பிசைஞ்சு வளைக்கலாம்னு அர்த்தம். தமிழ்ல நெகிழ்ங்கற வினையிலேருந்து நெகிழி, மனசு நெகிழ்ந்துருச்சுன்னு சொல்றோமே அதே நெகிழ்தான். (சங்கப் பாட்டுல ஞெகிழின்னா கொள்ளிக்கட்டை, அது வேற கதை.)

நுண் + நெகிழி சேந்தா நுண்ணெகிழி, கண் + நீர் கண்ணீர் ஆகற மாதிரி. இலக்கணப்படி இதுதான் சரி. ஆனா புதுசா பாக்கறவங்க 'எகிழி'ன்னு ஏதோ இருக்கு போலன்னு முழிப்பாங்க, அதனால நுண்நெகிழின்னு எழுதறவங்கள நான் திட்ட மாட்டேன். வெறும் நுண்துகள்னு மட்டும் எழுதாதீங்க, புகைத்தூசியையும் அப்படித்தான் சொல்றோம்.

பேருதான் நெகிழி, தண்ணில கெடக்கறது வெயில் பட்டுப்பட்டு நெகிழாம நொறுங்கும், நொறுங்கினாலும் மக்காது. டாஃப்னியான்னு ஒரு நீர்த்தெள்ளு, உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும், ஒளிரும் பிளாஸ்டிக் மணியத் தண்ணில கலந்துட்டு மைக்ராஸ்கோப்ல பாத்தா குடல் நீளத்துக்கும் அது மின்னறது வெளியவே தெரியும். பாசின்னு நெனச்சு வடிகட்டித் தின்னுருக்கு, வயிறு ரொம்பும் சத்து ஏறாது. ஆய்வுக்கூடத்துல இதத் தின்ன கோபிபாடுங்க (இறால் வகையில ரொம்பக் குட்டி நீர் உயிருங்க) பாசி திங்கறதக் கொறச்சுக்கிச்சு, சிப்பிங்க போடற முட்டை எண்ணிக்கையும் கொறஞ்சுது. அளவு கூடக்கூட பாதிப்பும் கூடும், ஆய்வுக்கூடத்துல போடற அளவு பல நேரம் கடல்ல இருக்கறதவிட அதிகம்ங்கறதையும் சொல்லிடணும்.

பசிபிக் கடலோட மரியானா அகழில 6000 மீட்டர் ஆழத்துக்கும் கீழ இறால் மாதிரி ஒரு உயிர் கெடச்சுது, ஒண்ணோட குடல்ல பாட்டில் செய்யற பெட் பிளாஸ்டிக் மாதிரியே ஒரு இழை. 2020ல அதுக்குப் பேரே யூரிதெனஸ் பிளாஸ்டிகஸ்னு வச்சுட்டாங்க. அறிவியல் பேருங்கறதால அதுக்கு மட்டும் தமிழ் தேட வேண்டாம், அப்படியே பிளாஸ்டிகஸ்தான்.