மண் விடாத முட்டைகள்

உருளைப்புழுவின் முட்டை மனித உடலை விட்டு வெளியேறும் நேரத்தில் அதனால் யாருக்கும் தொற்று வராது. ஈரமும் நிழலும் இதமான வெப்பமும் உள்ள மண்ணில் சில வாரங்கள் கிடந்து, உள்ளே இளம்புழு உருவான பிறகே அது ஆபத்தானதாகிறது. மலத்தைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுகிறோம். அதுவே மக்கி, மழையில் கரைந்து, வெறும் மண்ணாகத் தெரியும்போது தயங்காமல் கைவைக்கிறோம். புழுவுக்கு வேண்டியதும் அதுதான்.

சாட்டைப்புழு முட்டையும் இப்படியே கை வழியாக வாய்க்குள் போகிறது. கொக்கிப்புழுவின் போக்கு வேறு. அதன் முட்டை ஓரிரு நாளில் மண்ணிலேயே பொரிந்துவிடும். அடுத்த சில நாட்களில் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைக்கத் தயாராகிவிடும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஆர்தர் லூஸ், கொக்கிப்புழு இளம்புழுக்கள் இருந்த நீரைத் தவறுதலாகத் தன் கையில் சிந்திக்கொண்டார். அரிப்பும் எரிச்சலும் வந்தன. பிறகு அவருடைய மலத்திலேயே அந்தப் புழுவின் முட்டைகள் தென்பட்டன.

உலகில் சுமார் 150 கோடிப் பேருக்கு இத்தகைய மண்வழிப் புழுத்தொற்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைவு, கொக்கிப்புழு என்றால் கூடவே ரத்தசோகை. அல்பெண்டசோல் போன்ற பூச்சி மாத்திரை குடலில் உள்ள புழுவைக் கொல்லும். மண்ணில் கிடக்கும் முட்டையை அது என்ன செய்யும்? மாத்திரை சாப்பிட்ட குழந்தை சில மாதங்களில் மறுபடி புழுவோடு வந்து நிற்பது ஏன் என்பதற்கு மலப் பரிசோதனையில் பதில் கிடைக்காது. மண்ணைத்தான் கேட்க வேண்டும்.

மண் அவ்வளவு சுலபமாக வாய் திறக்காது. ஒரு பெண் உருளைப்புழு நாளொன்றுக்கு 2,00,000 முட்டைகள் வரை இடும் என்றாலும், அவை நிலத்தில் சீராகப் பரவுவதில்லை; இங்கே கொத்தாக இருக்கும், இரண்டடி தள்ளி ஒன்றுகூட இராது. அதனால் கழிப்பிடத்தைச் சுற்றி, வாசலருகே, குழந்தைகள் விளையாடும் இடத்தில் எனப் பல புள்ளிகளில் மேல்மண்ணைச் சுரண்டி எடுக்கிறார்கள். அடுத்த சிக்கல், முட்டையின் பிசுபிசுப்பான வெளிப்பூச்சு. களிமண் துகளை அது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சோப்புத்தன்மையுள்ள கரைசலில் நன்றாகக் குலுக்கினால்தான் பிடி தளரும்.

பிரிப்பதற்குக் கைகொடுப்பது அடர்த்தி வேறுபாடு. முட்டை தண்ணீரைவிடச் சற்றே கனமானது; மண்துகளோ இரண்டரை மடங்குக்கும் மேல் கனம். துத்தநாக சல்பேட்டைக் கரைத்து கரைசலின் ஒப்படர்த்தியை, அதாவது தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தியை, 1.2க்கு உயர்த்தினால், மண் அடியில் தங்கும், முட்டை மேலே மிதந்து வரும். மிதப்பதை நுண்சல்லடையில் பிடித்து நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். சாட்டைப்புழு முட்டை இரு முனையிலும் அடைப்பு வைத்த பீப்பாய் போலிருப்பதால் அடையாளம் காண்பது எளிது. மற்றவற்றில் மகரந்தத் துகள்கூட ஏமாற்றிவிடும். பழகிய கண் வேண்டும்.

கொக்கிப்புழு இளம்புழுவுக்கு இந்த வழி ஒத்துவராது. மண்ணைத் துணியில் வைத்து, வெதுவெதுப்பான நீர் நிரம்பிய புனலில் படும்படி வைத்தால், அது தானாகவே நெளிந்து வெளியேறி அடியில் இறங்கிவிடும். பேர்மன் புனல் என்னும் இந்த எளிய ஏற்பாடு எனக்குப் பிடித்தமானது, தேடப்படுவதே தேடி வருகிறதே!

இப்போது டிஎன்ஏவைப் பலமடங்கு பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் முறையில் முட்டையின் டிஎன்ஏவைத் தேடுவதும் நடக்கிறது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இனங்களை அது பிரித்துக் காட்டும். ஆனால் முட்டையின் ஓட்டை முதலில் நுண்மணிகளால் இடித்து உடைக்க வேண்டும். மண்ணில் மக்கிய பொருள்களிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம் பிசிஆர் வினையையே முடக்கிவிடலாம். அதனால் எண்ணி வைத்த முட்டைகளைச் சுத்தமான மண்ணில் கலந்து, எத்தனை திரும்பக் கிடைக்கின்றன என்று முன்கூட்டியே சோதிப்பார்கள். இந்தச் சோதனை இல்லாமல் ‘முட்டை இல்லை’ என்று வரும் அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

இன்னொன்று, டிஎன்ஏ இருந்தால் முட்டை உயிரோடு இருக்கிறது என்று பொருளில்லை. கழிவுநீர்க் கசடை உரமாக்க அமெரிக்கா வகுத்துள்ள உயர்தர வரம்பு, 4 கிராம் உலர் கசடில் *உயிருள்ள* முட்டை ஒன்றுக்கும் குறைவு என்பதே. அதை அறிய அவசரப்பட முடியாது. முட்டைகளை நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டு, சுமார் 28 டிகிரி வெப்பத்தில் மூன்று நான்கு வாரம் வைக்கிறார்கள். அமிலம் பூஞ்சையை அண்டவிடாது. முட்டையை ஒன்றும் செய்யாது. பிறகு நுண்ணோக்கியில் பார்க்கும்போது, உயிருள்ள முட்டைக்குள் சுருண்டு கிடக்கும் இளம்புழு மெல்ல அசையும்.