தம்புரா தந்தியும் டானிக் பாட்டிலும்

மருந்துக்கடையில் கொஞ்ச நேரம் நின்றால் காதில் விழும். "குழந்தைக்குச் சளி, ஒரு டானிக் குடுங்க" என்பார் ஒருவர். "ஒரே அசதியா இருக்கு, சத்து டானிக் ஏதாவது" என்பார் இன்னொருவர். கரண்டியில் ஊற்றிக் குடிக்கிற எந்த மருந்துக்கும் நம்மூரில் டானிக் என்றே பேர் நிலைத்துவிட்டது. மேற்கத்திய இசை படிக்கும் மாணவர் அதே சொல்லை வேறோர் இடத்தில் சந்திக்கிறார். நாம் ஆதார சட்ஜம் என்கிறோமே, ஒரு ஸ்கேலின் அந்த முதல் சுரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் டானிக். நரம்பியல் மருத்துவர் வலிப்பைப் பற்றி எழுதும் குறிப்பிலும் இதே சொல் வரும்.

மூன்றுக்கும் ஊற்று ஒன்றுதான். 'டோனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு இழுப்பு, விறைப்பு என்று பொருள். இசைக்கருவியில் நரம்பை இழுத்துக் கட்டுவதைச் சொன்ன அந்தச் சொல், இழுப்பில் பிறக்கும் சுருதிக்கும் பெயரானது. நீட்டு, இழு என்ற பொருளுள்ள அதே வேர் சமஸ்கிருதத்தில் 'தன்' என்று இருக்கிறது. அதில் கிளைத்த 'தந்த்ரீ'தான் தமிழுக்கு வந்து தந்தி ஆயிற்று. ஆக, வீணைக்குப் போடும் தந்தியும் அலமாரியில் இருக்கும் டானிக்கும் தூரத்து உறவு.

சொல்லின் பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதைப் பார்க்கலாம். நான்கு தந்திகள்: பஞ்சமம் (ப), இரண்டு சட்ஜம் (ஸ), கீழ்ஸ்தாயியில் ஒரு மந்தர சட்ஜம். முதலில் தந்தியைச் சுற்றியிருக்கும் ஆணியான பிரடையைத் திருகி ஏறக்குறைய சுருதிக்குக் கொண்டுவருவார்கள். பிறகு தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற கட்டைக்குக் கீழே தந்தியில் கோத்திருக்கும் மணிக்காயை மயிரிழை அளவு தள்ளித் துல்லியமாக்குவார்கள். கடைசியில் குதிரைமேல் தந்திக்கு அடியில் ஜீவாளி என்ற சிறு நூலை நகர்த்துவார்கள். ஏதோ ஓரிடத்தில் நூல் சரியாக உட்கார்ந்ததும், அதுவரை 'டங்' என்றிருந்த தந்தி தேனீக் கூட்டம்போல் ரீங்கரிக்கத் தொடங்கும்.

இழுப்புக்கும் சுருதிக்கும் உள்ள கணக்கை 1636-இல் பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென் எழுதிவைத்தார். அதிர்வெண், இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். சட்ஜத்தில் நிற்கும் தந்தியைப் பஞ்சமத்துக்கு ஏற்ற இழுவிசை 2.25 மடங்கு வேண்டும். மேல் சட்ஜத்துக்கு ஏற்ற 4 மடங்கு. இந்த வேகத்தில் விசை ஏறினால் தந்தி அறுந்துபோகும். கீழே இறங்குவதிலும் சிக்கல் உண்டு. மந்தர சட்ஜத்துக்கு அதே தந்தியைப் போட்டால் இழுப்பு கால்பங்காகித் தொளதொளத்துவிடும். அதனால்தான் அந்த நான்காம் தந்தி மட்டும் தடிமனாக இருக்கிறது. எடை கூடினால், இழுப்பு குறையாமலே சுருதி இறங்கும்.

சரி, ஆதார சுரத்துக்கு ஏன் இத்தனை மரியாதை? ஹார்மோனியத்தின் கறுப்புக் கட்டைகள் ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சேர்ந்து நிற்கும் கூட்டத்தில் முதல் கட்டையை சட்ஜமாக வைத்து, அதையே சுருதியாகப் பிடித்துக்கொண்டு வாசித்தால் மோகன ராகம். கட்டைகளை மாற்றாமல் சுருதியை மட்டும் அடுத்த கறுப்புக் கட்டைக்கு நகர்த்துங்கள், மத்யமாவதி கேட்கும். அதற்கடுத்ததில் ஹிந்தோளம், பிறகு சுத்த சாவேரி, கடைசியாக சுத்த தன்யாசி. அதே ஐந்து ஒலிகள்தான், ஒரு அதிர்வுகூட மாறவில்லை. எதை வீடு என்று காது எடுத்துக்கொள்கிறதோ, அதை வைத்தே மற்ற நான்கும் தங்கள் முகத்தைப் பெறுகின்றன. இதைக் கிரகபேதம் என்கிறோம். பழந்தமிழ் இசை மரபு இதற்குப் பண்ணுப்பெயர்த்தல் என்று பெயர் வைத்திருந்தது. நேரம் கிடைத்தால் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். படித்து அறிவது வேறு, ஹிந்தோளம் சட்டென்று எழுந்து வருவதைக் காதால் கேட்பது வேறு.

உடம்புக்குள்ளும் இப்படி ஓயாமல் ஒலிக்கும் ஒரு சுருதி உண்டு. இரவுப் பேருந்தில் உட்கார்ந்தபடி தூங்குபவரைக் கவனியுங்கள். விழித்திருக்கும்வரை தலை நேராக நிற்கும், வாய் மூடியிருக்கும். கழுத்தைத் தூக்கிப் பிடிப்பதாக அவர் ஒரு கணமும் நினைத்திருக்க மாட்டார். கண் அயர்ந்ததும் தாடை தொங்கும், தலை பக்கத்து ஆளின் தோளில் சாயும். அவர் உணராமலே தசைகளில் இருந்துகொண்டிருந்த மெல்லிய விறைப்பு தளர்ந்துவிட்டது. அதைத்தான் மருத்துவத்தில் தசையின் 'டோன்' என்கிறார்கள். கனவு காணும் உறக்கத்தில் கை கால் தசைகளில் அது ஏறக்குறைய முழுவதுமாக அணைந்துவிடும். கனவில் ஓடினாலும் கட்டிலில் கால் ஓடாமல் இருப்பது அதனால்தான்.

இந்த விறைப்பைக் காக்கும் ஏற்பாடு தம்புராவை நினைவூட்டும். தசை நார்களுக்கு நடுவே நூல் நூற்கும் கதிர் வடிவில் நுண்ணிய உணரிகள் இருக்கின்றன. தசை நீண்டால் அவையும் நீண்டு, தண்டுவடத்துக்குச் சேதி அனுப்பும். அங்கிருந்து உடனே "சுருங்கு" என்ற கட்டளை திரும்பி வரும். மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டும்போது கால் உதறுவது இந்தச் சுற்றுதான். உணரி எவ்வளவு இழுப்புக்கு மறுமொழி சொல்ல வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைக்கத் தனியாகக் காமா நரம்புகள் என்று உண்டு. உடம்பின் மணிக்காய் அவை.

சுருதி கலைந்தால்தான் அது இருந்ததே தெரிகிறது. பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்குக் கை மடங்கி இறுகிப்போவது டோன் ஏறியதால். சில பச்சிளங்குழந்தைகள் துணிப்பொம்மைபோல் துவண்டு கிடப்பது டோன் இறங்கியதால். இழுத்து விறைக்க வைக்கும் ரண ஜன்னிக்கு வைத்த டெட்டனஸ் என்ற பெயரும் இதே வேரில் பிறந்ததே. பெரிய வலிப்பில் முதலில் உடம்பு முழுக்கச் சில நொடிகள் விறைக்கும். அது டானிக் கட்டம். அப்புறம்தான் கை கால் வெட்டி வெட்டி இழுக்கும். அந்த நேரத்தில் இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதால் ஒரு பயனும் இல்லை. வாயில் எதையும் வைக்கக் கூடாது, அழுத்திப் பிடிக்கவும் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாக நின்றுவிடும். 5 நிமிடம் தாண்டினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பாட்டில் எங்கே வந்தது? ஜெர்மனியின் ஹாலே நகரில் பாடம் சொன்ன மருத்துவர் ஃப்ரீட்ரிஷ் ஹாஃப்மான் (1660–1742), உடம்பின் நார்கள் தளர்ந்தாலும் அளவுக்கு மீறி இறுகினாலும் நோய் என்று கருதினார். அந்தக் காலத்தில் பரவிய எண்ணம் இது. தளர்ந்த நாரை முறுக்கேற்றும் மருந்து டானிக் எனப்பட்டது. கசப்பு எல்லாமே அந்த வேலையைச் செய்யும் என்று நம்பினார்கள். கசப்பில் பேர்போனது சின்கோனா பட்டை. அதன் சாரமான, மலேரியாவுக்கு மருந்தான குயினைனை 1820-இல் பாரிஸில் பிரித்தெடுத்தார்கள். 1860-களில் நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனா தோட்டங்கள் எழுந்தன. குயினைனைச் சோடாவிலும் சர்க்கரையிலும் கலந்த கசப்புப் பானத்துக்கு டானிக் வாட்டர் என்ற பெயர் அப்படித்தான் ஒட்டியது. இன்று விற்கும் டானிக் வாட்டரில் குயினைன் மிகக் குறைவு. அதைக் குடித்து மலேரியா தீராது.

நார் தளர்ந்தது என்ற கொள்கை போய்விட்டது, பாட்டிலின் பெயர் மட்டும் தங்கிவிட்டது. அசதிக்குக் காரணம் இரும்புச்சத்துக் குறைவாகவோ தைராய்டாகவோ சர்க்கரையாகவோ இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனை செய்யாமல் மாதக்கணக்கில் சத்து டானிக் குடிப்பவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது.

இதயத்தைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. அதைத் தன்போக்கில் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். நமக்கு ஓய்வில் 70 ஆக இருப்பதற்குக் காரணம் மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு. இரவும் பகலும் அது இதயத்தைக் கடிவாளம்போல் இழுத்துப் பிடித்திருக்கிறது. இந்த ஓயாத இழுப்புக்கும் டோன் என்றே பெயர். மாடிப்படி ஏறும்போது முதலில் நடப்பது அந்தப் பிடி சற்றுத் தளர்வதுதான். மாற்று இதயம் பொருத்திக்கொண்டவருக்கு, அசையாமல் படுத்திருந்தாலும் நாடி 90, 100 என்று ஓடும். அறுவை சிகிச்சையில் அந்த நரம்பு வெட்டுப்பட்டிருக்கும்.