தலைகீழாகத் தொங்கும் கார்த்திகைப்பூ

கிளிநொச்சியில் ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்துவிட்டால் எல்லோருடைய கண்ணும் நிலத்தில்தான். ஏ9 வீதியில் பஸ் அள்ளியடிக்கும் தண்ணீருக்கு விலகவேண்டும், ஒழுங்கையில் பள்ளம் பார்த்துச் சைக்கிள் விடவேண்டும். குளிர்நாடுகளில் இந்தக் காலத்தில் இலை பழுத்து உதிரும். வன்னியில் நேர்மாறு. ஆவணி வரை காய்ந்து வெடித்துக் கிடந்த நிலம் வடகீழ்ப் பருவமழையில் இப்போதுதான் பச்சை கட்டும். நகரத்துக்குள்ளும் அது நடக்கிறது, வேலியோரங்களில், சத்தமில்லாமல்.

நான் தினமும் போகும் ஒழுங்கையில் ஒரு வெறும் வளவு இருக்கிறது. முள்ளுக்கம்பி, இடையிடையே கிளுவைக் கதியால், ஒரு பக்கம் துருப்பிடித்த தகரம். அந்தக் கதியாலைப் பிடித்துக்கொண்டு ஒரு கார்த்திகைப்பூக் கொடி ஏறியிருக்கிறது. சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு உவமை சொன்ன காந்தள் இதுதான். இந்த மண்ணில் கார்த்திகை வெறும் மழைமாதம் அல்ல, இந்தப் பூவும் பலருக்கு வெறும் பூ அல்ல. அந்த நினைவுகளோடுதான் நானும் அதன் முன்னால் சைக்கிளை நிறுத்தினேன். நிறுத்திய பிறகுதான், இவ்வளவு காலமும் அதை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை என்று தெரிந்தது.

முதலில் இலை. நுனி ஒடுங்கி, நீண்டு, நூல்போல் சுருண்டு கம்பியைப் பிடித்திருக்கிறது. பாகல், புடோல் கொடிகளில் பற்றிப் பிடிக்கும் சுருள்நூல், அதாவது தந்து, தனியாக வளரும். இதற்கு இலையின் நுனியே தந்து. ஏதாவதொன்றில் உரசினால் உரசிய பக்கத்துக் கலங்கள் மெதுவாக நீளும், எதிர்ப்பக்கத்துக் கலங்கள் வேகமாக நீளும். அந்த வித்தியாசம்தான் நுனியை வளைத்துச் சுற்றவைக்கிறது.

அப்புறம் பூ. மொட்டு பச்சையாக, தலைகுனிந்து தொங்கும். விரியும்போது நெளிந்த விளிம்புள்ள ஆறு இதழ்களும் பின்னோக்கி மடிந்து வானத்தைப் பார்க்கும். பூவின் வாய் நிலத்தைப் பார்க்கும். மகரந்தத்தைத் தாங்கும் ஆறு கேசரங்கள் சைக்கிள் சில்லுக் கம்பிகள்போல் பக்கவாட்டில் பரந்து நிற்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் மகரந்தக்கூடு நடுவில் மட்டும் பொருந்தியிருப்பதால், மூச்சுக்காற்றுப் பட்டாலே ஊஞ்சலாடும். என்னை மிகவும் யோசிக்க வைத்தது தம்பம், பூவின் பெண்பாகத்திலுள்ள மெல்லிய தண்டு. சூலகத்திலிருந்து அது நேரே கீழே இறங்கவில்லை. தொடங்கும் இடத்திலேயே ஏறத்தாழச் செங்கோணத்தில் மடங்கி, கேசரங்கள் நிற்கும் அதே மட்டத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. யாரோ விரலால் ஒடித்து வைத்ததுபோல.

ஏன் தலைகீழ்? மழைக்குத்தான் என்று முதலில் நினைத்தேன். பல பூக்கள் மகரந்தம் நனையாமலிருக்கக் கவிழ்ந்து நிற்பது உண்மை. ஆனால் இங்கே இதழ்களெல்லாம் மேலே மடிந்துவிட்டன. குடையே திரும்பிவிட்ட பிறகு மழைக்கு என்ன மறைவு? கேசரங்கள் முழுக்க நனைகின்றன, நான் நின்று பார்த்தேன்.

விடை ஆபிரிக்காவிலிருந்து கிடைத்தது. இதே இனம் அங்கேயும் வளர்கிறது, சிம்பாப்வேயின் தேசியப் பூவும் இதுதான். 2020இல் வெளியான தென்னாபிரிக்க ஆய்வொன்று இந்தப் பூவில் மகரந்தத்தைக் கொண்டுபோவது வண்ணத்துப்பூச்சியின் சிறகு என்று காட்டியது. தேன் இதழ்களின் அடியில் இருக்கிறது. அதைக் குடிக்க வரும் வண்ணத்துப்பூச்சி பூவின் பக்கத்தில் தொற்றிச் சிறகடிக்கிறது. சுற்றிலும் நீட்டி நிற்கும் மகரந்தக்கூடுகளில் சிறகு உரசி, மஞ்சள் பொடி ஒட்டிக்கொள்கிறது. அடுத்த பூவில் அதே சிறகு, பக்கவாட்டில் நீட்டியிருக்கும் தம்பத்தின் நுனியில் மகரந்தத்தை ஏற்கும் குறியில் படுகிறது. ஆய்வாளர்கள் சில பூக்களை மேல்நோக்கித் திருப்பி வைத்தும் பார்த்தார்கள். அப்படி வைத்தால் சிறகின் உரசல் சரியாக வாய்ப்பதில்லை. ஆக, குனிந்த தலையும் மடிந்த இதழும் ஒடிந்த தம்பமும் எல்லாம் ஒரு சிறகின் வீச்சுக்கு அளவெடுத்துத் தைத்தவை.

நிறமும் நின்ற நிலையில் நிற்பதில்லை. பச்சை மொட்டில் பச்சையம் குறையக் குறைய மஞ்சள் தெரியும். பிறகு சிவப்பு நுனியிலிருந்து இறங்கும், கடைசியில் முழு இதழும் சிவக்கும். ஒரே கொடியில் மூன்று பருவமும் ஒன்றாய்த் தொங்குவதால்தான் தூரத்தில் பார்க்கும்போது வேலி பற்றி எரிவதுபோல் இருக்கிறது.

அழகைச் சொல்லிவிட்டு நஞ்சைச் சொல்லாமல் விடமுடியாது. இந்தச் செடி முழுக்கக் கொல்சிசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது, கிழங்கிலும் விதையிலும் அதிகம். கலம் பிரியும்போது, பரம்பரைத் தகவலைத் தாங்கும் நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுக்கும் நுண்ணிய இழைகள் உருவாகவேண்டும். கொல்சிசின் அந்த இழைகள் சேரவிடாமல் தடுத்துவிடும், கலப்பிரிவு பாதியில் நின்றுபோகும். மிகச் சிறிய அளவில் இதுவே கீல்வாத நோயொன்றுக்கு மருந்து. அளவு மீறினால் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கி உயிரே போகலாம். கிழங்கை வத்தாளங்கிழங்கென்று நினைத்து அவித்துத் தின்றவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பூவைக் காட்டுங்கள், கிழங்கைத் தொடவிடாதீர்கள். யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கோடை முழுவதும் செடியைக் காப்பாற்றுவதும் அதே கிழங்குதான். இரண்டாய்க் கவடு விட்டு வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் பெயர். முளைக்கும் கண் கவடுகளின் நுனியில் மட்டும் இருக்கும், நுனி முறிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. மழையோடு தளிர் மேலே வரும்போது பழைய கிழங்கு தன்னிடமுள்ளதையெல்லாம் கொடுத்துச் சுருங்கிப்போகும். கொடி வெயிலில் சமைத்ததைக் கீழே அனுப்பிப் புதுக் கிழங்கு கட்டும். அதனால் அடுத்த வருடம் தளிர் அதே இடத்தில் அல்ல, சற்றுத் தள்ளித்தான் எட்டிப்பார்க்கும். அந்த வளவுக் கொடி போன வருடம் தகரத்தின் ஓரமாக நின்றதாக ஞாபகம்.

நேற்று மழை விட்டு ஒரு மணி நேரம் வெயில் எறித்தது. நான் முதலில் பார்த்த பூ இப்போது முழுக்கச் சிவந்துவிட்டது. ஒடிந்த தம்பத்தின் நுனியைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். அதில் மஞ்சளாய்ப் பொடி கொஞ்சம் ஒட்டியிருந்தது.