பிரிட்டனில் இணையவழிச் சிறுவணிகம்: 'சோல் ட்ரேடர்' பதிவு யாருக்கு, எப்போது

வீட்டில் தைத்த பாவாடை சட்டையையோ கையால் கோத்த மணிமாலையையோ இணையத்தில் விற்கத் தொடங்குபவர்கள், முதலில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தாக வேண்டும் என்று எண்ணித் தயங்குவது உண்டு. அதற்குத் தேவையில்லை. தனியொருவராகத் தம் கணக்கில் தொழில் செய்பவரைப் பிரிட்டனில் 'சோல் ட்ரேடர்' என்பார்கள். வணிக நோக்கோடு விற்கத் தொடங்கும்போதே ஒருவர் அந்த நிலைக்கு வந்துவிடுகிறார்; பதிவு என்பது அதை வரித்துறையான எச்எம்ஆர்சிக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு. ஆளும் தொழிலும் சட்டத்தின் கண்ணில் ஒன்றே என்பதால், தொழிலில் ஏற்படும் கடன் அவருடைய சொந்தக் கடனாகும். மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாகச் சுயதொழில் செய்யவே அனுமதி இல்லை என்பதால், அவர்கள் இதில் இறங்கும் முன் விசா நிபந்தனைகளைப் படித்துவிட வேண்டும்.

எல்லோரும் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஏப்ரல் 6 முதல் மறு ஆண்டு ஏப்ரல் 5 வரையிலான வரியாண்டில் இவ்வகை வருமானம் 1,000 பவுண்டைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். இந்த 1,000 பவுண்டு லாபத்தைக் குறிப்பதில்லை, செலவைக் கழிக்காத மொத்த வரவைக் குறிக்கிறது. பலர் தவறுவது இங்கேதான். ஒருவர் 1,400 பவுண்டுக்கு விற்று, துணிக்கும் தபாலுக்கும் 1,150 பவுண்டு செலவழித்திருந்தால் கையில் நிற்பது 250 பவுண்டுதான் என்றாலும், அவர் பதிவு செய்தாக வேண்டும். கணக்குக் காட்டும்போது உண்மைச் செலவைக் கழிக்கலாம், அல்லது அதற்குப் பதிலாக 1,000 பவுண்டைக் கழிக்கலாம். இரண்டையும் சேர்த்துக் கழிக்க முடியாது. இவருக்கு உண்மைச் செலவைக் கழிப்பதே லாபம்.

பதிவுக்கான கடைசி நாள், அந்த வரியாண்டு முடிந்த பிறகு வரும் அக்டோபர் 5. எடுத்துக்காட்டாக, 2025 ஜூனில் தொடங்கி 2026 ஏப்ரல் 5-க்குள் வரம்பைத் தாண்டியவர் 2026 அக்டோபர் 5-க்குள் பதிவு செய்து, 2027 ஜனவரி 31-க்குள் 'செல்ஃப் அசெஸ்மென்ட்' எனப்படும் வருமான விவரத்தை இணையத்தில் தாக்கல் செய்து, வரியையும் கட்ட வேண்டும். நேஷனல் இன்ஷூரன்ஸ் (ஓய்வூதியம் போன்ற அரசு நலன்களுக்காகக் கட்டும் தொகை) எண்ணை வைத்துக்கொண்டு அரசின் இணையதளத்தில் பதிவு செய்யலாம், கட்டணம் கிடையாது. பிறகு யூடிஆர் என்னும் பத்து இலக்க வரி அடையாள எண் வந்து சேரும். ஜனவரி 31-ஐத் தவறவிட்டால், கட்ட வேண்டிய வரி ஏதும் இல்லாவிட்டாலும் 100 பவுண்டு அபராதம் உண்டு.

வேறொரு வேலையில் சம்பளம் வாங்கிக்கொண்டே இதைச் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வரியில்லாத முதல் 12,570 பவுண்டைச் சம்பளமே தின்றுவிட்டால், வணிக லாபத்தில் முதல் பவுண்டிலிருந்தே வரி தொடங்கிவிடும். இங்கிலாந்தில் அடிப்படை விகிதம் 20 சதவீதம், ஸ்காட்லாந்தில் விகிதங்கள் வேறு. வணிக லாபம் மட்டுமே தனியாக 12,570 பவுண்டைத் தாண்டினால் அதற்கு மேற்பட்ட பகுதிக்கு 6 சதவீத நேஷனல் இன்ஷூரன்ஸும் சேரும். பலருக்கு அதிர்ச்சி தருவது அதற்கு அடுத்த விதி: வரி 1,000 பவுண்டுக்கு மேல் வந்து, அதன் பெரும்பகுதி சம்பளத்தில் முன்பே பிடிக்கப்படாதிருந்தால், அடுத்த ஆண்டுக்கான முன்பணமாக அதில் பாதியை அதே ஜனவரியிலும் மறு பாதியை ஜூலையிலும் கேட்பார்கள். 1,200 பவுண்டை எதிர்பார்த்தவர் அந்த ஜனவரியில் 1,800 பவுண்டு கட்ட நேரும்.

2024 ஜனவரி முதல் இணைய விற்பனைத் தளங்கள் தங்கள் விற்பனையாளர்களின் விவரங்களைத் திரட்டி எச்எம்ஆர்சிக்கு அனுப்புகின்றன. ஓராண்டில் 30-க்கும் குறைவாகப் பொருள் விற்று, 2,000 யூரோவுக்கு மேல் பெறாதவர்களுக்கு மட்டும் விலக்கு. இதைப் புதிய வரி என்று பரப்புகிறார்கள். வரி விதி எதுவும் மாறவில்லை. அலமாரியில் கிடந்த பழைய உடைகளை விற்றுத் தீர்ப்பது பொதுவாக வணிகம் ஆகாது. விற்பதற்கென்றே வாங்கி விற்பது வணிகம்.

தொழிலுக்குத் தனிப்பெயர் வைக்கலாம், ஆனால் 'லிமிடெட்' என்ற சொல் அதில் வரக்கூடாது. பில்லில் உரிமையாளரின் சொந்தப் பெயரும் இருக்க வேண்டும். முறுக்கு, ஊறுகாய் போன்ற தின்பண்டம் விற்பவர்களுக்கு வரித்துறைப் பதிவு மட்டும் போதாது. விற்பனை தொடங்க 28 நாட்களுக்கு முன்பே உள்ளூர்க் கவுன்சிலில் உணவுத் தொழிலாகப் பதிய வேண்டும். வீட்டுச் சமையலறைக்கும் இது பொருந்தும், இதற்கும் கட்டணம் இல்லை. ரசீதுகளையும் வரவு செலவுக் கணக்கையும் அந்த ஆண்டின் ஜனவரி 31 கெடுவுக்குப் பிறகு குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பஞ்சுத் துணிக்குக் கொடுத்த பில்லின் கைப்பேசிப் படமும் தெளிவாக இருந்தால் ஏற்கப்படும்.