ஒன்பது நாள் முன்னால் விற்ற பங்கு

ஜூலை மாதம், வருமான வரி ரிட்டர்ன் நெருக்கடி. ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்யும் பழைய கிளையண்ட் ஒருவருடைய பங்குக் கணக்கைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வரியில் பேனா நின்றது. வாங்கி ஒரு வருடம் நிறைய ஒன்பது நாள் இருக்கையில் விற்றிருக்கிறார். லாபம் 1,60,000 ரூபாய்.

“ஏனுங்க, இன்னும் பத்து நாள் பொறுத்திருக்கலாமே?”

“நான் விக்கவே இல்லீங்க சார். அதுவே வித்துப்போட்டுதுங்க.”

‘அது’ என்றால் ஏஐ. பெங்களூருவில் மென்பொருள் வேலை பார்க்கும் மச்சான் மகன், ஊருக்கு வந்த இடத்தில், பங்குகள் இருக்கும் டீமேட் கணக்கோடு ஓர் ஏஐ உதவியாளரை இணைத்துவிட்டுப் போயிருக்கிறான். இவர் ஒரு நாள் கல்லாவில் உட்கார்ந்தபடி, “தேறாத பங்கையெல்லாம் கழிச்சு விடு” என்று தட்டியிருக்கிறார். அது அனுமதி கேட்டிருக்கிறது. கடையில் கூட்டம், ‘எப்போதும் அனுமதி’யை அழுத்திவிட்டார். விற்ற பங்கைக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளத் தரகருக்கு முன்கூட்டியே தரும் அனுமதியான டிடிபிஐ ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்ததால், விற்கும்போது டிபின் என்ற ரகசிய எண், ஓடிபி எதுவும் குறுக்கே வரவில்லை.

விற்றது தவறான பங்கு என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வருடத்துக்குள் விற்றால் குறுகிய கால லாபம். 20 சதவீத வரி, அதாவது 32,000 ரூபாய். ஒரு வருடம் தாண்டி அதே விலைக்கு விற்றிருந்தால், அவருக்கு அந்த ஆண்டு வேறு நீண்ட கால லாபம் இல்லாததால், முதல் 1,25,000 ரூபாய்க்கு வரி இல்லை. மீதி 35,000-க்கு 12.5 சதவீதம், 4,375 ரூபாய். செஸ் தனி. வருமான வரித் துறையிடம் போய் “ஏஐ விற்றது” என்று சொல்லிப் பாருங்கள்! உங்கள் லாகினில் போன ஆர்டர் உங்கள் ஆர்டர்தான்.

இணைப்பது இப்போது சுலபமாகிவிட்டது. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் ஏஐயை வெளி மென்பொருள்களோடு இணைக்கும் எம்சிபி என்ற பொது முறையை வெளியிட்டது. அடுத்த ஆண்டே ஜெரோதா போன்ற தரகு நிறுவனங்கள் அந்த வசதியைத் தர ஆரம்பித்தன. கணக்கைப் பார்க்க மட்டும் விடுவது ஒன்று, ஆர்டர் போட விடுவது வேறொன்று. பார்க்க மட்டும் விட்டால் போகக்கூடியது உங்கள் அந்தரங்கம். அதுவும் சின்ன விஷயமில்லை. ஆனால் பங்கு கையில் இருக்கும்.

ஆர்டர் போடும் உதவியாளரிடமே மின்னஞ்சலையும் செய்திப் பக்கங்களையும் படிக்கச் சொல்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். நீங்கள் சொல்வதற்கும், அது படிக்கும் பக்கத்தில் எவனோ கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஒளித்து வைத்த ‘இந்தப் பங்கை வாங்கு’ என்பதற்கும் அதற்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம். வியாபாரம் குறைவாக நடக்கும் சில்லறைப் பங்குகளை விலை ஏற்றிவிட்டு விற்றுத் தள்ளுகிற கும்பலுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

மச்சான் மகன் இன்னொரு வேலையும் பார்த்திருந்தான். தினமும் காலையில் புதிதாக லாகின் செய்ய வேண்டியிருப்பது தொல்லை என்று, பாஸ்வேர்டு, ஓடிபி உருவாக்கும் ரகசியக் குறியீடு, மென்பொருள் கணக்குக்குள் நுழையத் தரும் சாவியான ஏபிஐ கீ மூன்றையும் ஒரே ஃபைலில் போட்டு, தானாக லாகின் ஆகும்படி செய்துவிட்டான். அந்த ஃபைல் அவனுடைய லேப்டாப்பில். இரண்டு பூட்டு போட்டு, இரண்டு சாவியையும் ஒரே ஆணியில் மாட்டியது மாதிரி. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2025 பிப்ரவரியில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, ஒருவர் தானே எழுதிய அல்கோவை, அதாவது தானாக ஆர்டர் போடும் நிரலை, தனக்கும், மனைவி அல்லது கணவருக்கும், தன்னைச் சார்ந்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்தான் பயன்படுத்தலாம். அந்தப் பட்டியலில் மாமா இல்லை.

அன்றே ஏபிஐ கீயை ரத்து செய்யவைத்து, பாஸ்வேர்டையும் ஓடிபி குறியீட்டையும் மாற்றினோம். இப்போது பார்க்க மட்டும் அனுமதி. அன்றன்று வாங்கியது விற்றதைப் பட்டியலிட்டுத் தரகர் அனுப்பும் காண்ட்ராக்ட் நோட்டைத் தினமும் சாயங்காலம் திறந்து பார்க்கிறார்; முன்பெல்லாம் அதைத் திறந்ததே இல்லையாம்.

போன மாதம் ஒரு பிரிண்ட் அவுட்டோடு வந்தார். எந்தப் பங்குக்கு எந்தத் தேதியில் ஒரு வருடம் முடிகிறது என்று ஏஐயிடமே பட்டியல் வாங்கியிருந்தார். நல்ல வேலைதான். ஆனால் கம்பெனி இலவசமாகக் கொடுத்த 40 போனஸ் பங்குகளுக்கும் அது முதலில் வாங்கிய தேதியையே போட்டிருந்தது. போனஸுக்கு, அது ஒதுக்கப்பட்ட நாளிலிருந்துதான் கணக்கு. பென்சிலால் அடித்துத் திருத்திக் கொடுத்தேன்.