கனடா பிஆர்: பணத்தை வைத்துக்கொண்டே வங்கிக் கடிதத்தில் கோட்டை விடாதீர்கள்

கோலாலம்பூரிலிருந்து கனடாவுக்கு பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) போடுகிற நம் ஆட்கள் ஐஇஎல்டிஎஸ்ஸுக்கு விழுந்து விழுந்து படிக்கிறார்கள். பட்டச் சான்றிதழை மதிப்பீட்டுக்கு அனுப்பச் செலவு பார்ப்பதில்லை. பண ஆவணத்தை மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். "பேங்கில் கேட்டால் ஒரு லெட்டர் தரப்போகிறான், இதில் என்ன இருக்கிறது?" என்ற நினைப்பு. நான் பார்த்தவரை, பணம் இல்லாமல் தோற்றவர்களைவிட, பணத்தை வைத்துக்கொண்டே தாளில் தோற்றவர்கள்தான் அதிகம்.

பின்னணி சுருக்கமாக. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற கனடாவின் இணைய விண்ணப்ப முறையில், கனடாவில் வேலை பார்த்த அனுபவம் இல்லாமல் இங்கிருந்து போடும் பெரும்பாலோர் ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவில் விழுவார்கள். அந்தப் பிரிவில், அங்கே போய் இறங்கியபின் குடும்பத்தை நடத்தப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். 2025 ஜூலையில் அறிவித்த தொகை இது: தனி ஆளுக்கு 15,263 கனடிய டாலர், இருவருக்கு 19,001, மூவருக்கு 23,360, நால்வருக்கு 28,362. வருடா வருடம் மாற்றுவார்கள். போன வருடம் போட்ட நண்பர் சொன்ன தொகையை நம்பாதீர்கள். அதுவே முதல் பொறி. 2024இல் நால்வருக்கு 27,297ஆக இருந்தது. அந்தக் கணக்கில் காசு சேர்த்தவர் ஆயிரம் டாலருக்கு மேல் குறைவாக நிற்பார்.

"எனக்குக் கனடாவில் வேலை கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள், எனக்கு இதெல்லாம் வேண்டாம்" என்று சொல்பவர்களும் உண்டு. வேலைக் கடிதம் மட்டும் போதாது. அது கனடா குடிநுழைவின் விதிப்படி செல்லுபடியாக வேண்டும், கூடவே கனடாவில் வேலை செய்ய ஏற்கெனவே அனுமதியும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் விலக்கு. விலக்கு உள்ளவரிடமும் இணையப் பக்கம் ஆவணத்தைக் கேட்டு நிற்கும். அந்த இடத்தில் ஏன் விலக்கு என்று ஒரு கடிதம் எழுதி ஏற்ற வேண்டும். காலியாக விட முடியாது.

அடுத்து, தலைகளை எண்ணுவதில் வரும் தப்பு. "முதலில் நான் மட்டும் போகிறேன், மனைவியும் பிள்ளைகளும் அப்புறம் வருவார்கள்" என்று திட்டமிட்டு, தனி ஆளுக்கான தொகையைக் காட்டுகிறார்கள். செல்லாது. மனைவியும், உங்களைச் சார்ந்த பிள்ளைகளும் கூட வந்தாலும் வராவிட்டாலும் எண்ணிக்கையில் உண்டு. நான்கு பேர் குடும்பம் என்றால் 28,362தான். ஒரு கனடிய டாலர் 3 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தால் 85,086 வெள்ளி, 3.30 ஆகிவிட்டால் 93,594. நாணய மாற்று நம் கையில் இல்லை. அதனால் சரியாக 85,000 வைத்துக்கொண்டு விண்ணப்பிப்பது தற்கொலைக்குச் சமம். ஒரு பத்து சதவீதமாவது கூடுதலாக இருக்கட்டும்.

எது பணம், எது பணம் இல்லை

இங்கேதான் நம்மவர்களுக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. பதினைந்து வருடம் வேலை பார்த்தவருக்கு இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதியில் ஒன்றரை லட்சம் வெள்ளி இருக்கும். அதைத்தான் மலை மாதிரி நம்பி இருப்பார். கனடா கேட்பது இன்றைக்கு எடுக்கக்கூடிய, அங்கே கொண்டுபோகக்கூடிய, கடனில் சிக்காத பணம். மலேசியக் குடிமகன் நாட்டைவிட்டுப் போகிறேன் என்று சொல்லி இபிஎஃப்பை மொத்தமாக எடுக்க வேண்டுமானால் குடியுரிமையைத் துறந்திருக்க வேண்டும். கனடா பிஆர் கிடைத்தாலும் நீங்கள் மலேசியர்தான். அந்தக் கதவு திறக்காது. 2024 மே மாதம் வந்த மாற்றத்துக்குப் பிறகு ஃப்ளெக்சிபிள் கணக்கில் இருப்பதை மட்டும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். புதிதாகச் செலுத்தும் சந்தாவில் பத்து சதவீதம்தான் அங்கே போகிறது. அதை எடுப்பதாக இருந்தால் சீக்கிரமே எடுத்து, வங்கிக் கணக்கில் போட்டு, எங்கிருந்து வந்தது என்பதற்கு இபிஎஃப் ஸ்டேட்மென்ட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு கணக்கில் வராது. பூச்சோங்கில் ஐந்து லட்சத்துக்கு டபுள் ஸ்டோரி இருந்தாலும் அதன் மதிப்பைக் காட்ட முடியாது. விற்றுப் பணம் கைக்கு வந்தால்தான் பேச்சு. லாக்கரில் இருக்கும் நகையையும் நம்ப வேண்டாம். எஃப்டி காட்டலாம், தவணை முடியுமுன் எடுக்கலாம் என்று வங்கி எழுதித் தந்தால் நல்லது. அமானா சாஹாம் என்ற யூனிட் டிரஸ்ட் திட்டத்தின் யூனிட்டும் ரொக்கமாக்க எளிதானதுதான். ஆனாலும் என் யோசனை, தேவையான தொகை முழுக்கச் சேமிப்புக் கணக்கிலும் எஃப்டியிலும் இருக்கட்டும், யூனிட் டிரஸ்ட் எல்லாம் மேலதிகமாக நிற்கட்டும். கனடாவில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு அமானா சாஹாம் என்றால் என்ன என்று பாடம் எடுக்கும் நிலைக்குப் போகாதீர்கள்.

அப்புறம் கூட்டு, அதாவது சீட்டு. மாதம் ஆயிரம் வெள்ளி கட்டி, முறை வந்ததும் இருபதாயிரம் எடுத்துக் கணக்கில் போடுவது நம்மிடையே சாதாரணம். கனடா அதிகாரியின் கண்ணுக்கு அது விளக்கமில்லாமல் வந்து விழுந்த இருபதாயிரம். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட ரசீது கிடையாது. 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம் இருக்கும் நாட்டில் அதை விளக்கக் கடிதத்தில் எழுதவும் முடியாது. முன்கூட்டியே எடுத்திருந்தால் மீதித் தவணை உங்கள் தலையில் கடன் வேறு. பிஆர் எண்ணம் இருந்தால் கூட்டை முன்னமே முடித்துவிடுங்கள்.

அப்பா, அம்மா, அண்ணன் கொடுக்கும் பணம் பரவாயில்லை, அது கடனாக இல்லாத வரை. திருப்பித் தர வேண்டியதில்லை என்று கொடுத்தவர் கையெழுத்திட்ட கடிதம், சத்தியப் பிரமாணமாக இருந்தால் இன்னும் நல்லது, அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்குப் போன ஸ்டேட்மென்ட், இரண்டும் வேண்டும். ரொக்கமாக வாங்கி மெஷினில் போடாதீர்கள். அப்பா ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர், அவர் கணக்கிலேயே போன வாரம்தான் அந்தப் பணம் வந்தது என்றால் கேள்வி அவரிடம் போகும். அம்மாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கில் பணம் இருந்தால் அதையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். கணவன் மனைவி கூட்டுக் கணக்கு என்றால், துணைவரும் சேர்ந்து போகும்போது பிரச்சினை இல்லை.

"மூன்று மாதத்துக்குப் பணம் காட்டித் தருகிறோம்" என்று கமிஷன் கேட்கும் ஏஜென்ட்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அது கடன் வாங்கிய பணம். கனடா சட்டப்படி கூடாது. பிடிபட்டால் தவறான தகவல் தந்ததாக ஐந்து வருடம் தடை. ஏஜென்ட்டுக்கு ஒன்றும் ஆகாது, அவர் பெயர் எந்தப் பாரத்திலும் இருக்காது. காசு வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பத்தைக் கையாள, கனடாவின் குடிநுழைவு ஆலோசகர் கல்லூரி என்ற ஒழுங்குமுறை அமைப்பில் உரிமம் பெற்றவருக்கோ, கனடிய வழக்கறிஞர் போன்றோருக்கோதான் அதிகாரம். அந்தக் கல்லூரியின் பெயர்ப் பட்டியல் இணையத்தில் திறந்தே இருக்கிறது. பெயரைத் தட்டிப் பாருங்கள். இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

வங்கிக் கவுண்ட்டரில் நடப்பது

கனடா கேட்கும் கடிதத்தில் இவை எல்லாம் இருக்க வேண்டும்: வங்கியின் லெட்டர்ஹெட், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், உங்கள் பெயர், ஒவ்வொரு கணக்கின் எண், திறந்த தேதி, இன்றைய இருப்பு, கடந்த ஆறு மாதச் சராசரி இருப்பு, கிரெடிட் கார்டு, கடன் பாக்கிகள். இதில் எதையும் "பெரும்பாலும் இருக்கிறதே" என்று விட்டுவிட முடியாது.

செந்தூல் பக்கம் ஒரு தாதி. சம்பளக் கணக்கிலேயே போதுமான பணம். வங்கி கொடுத்த கடிதத்தை என்னிடம் காட்டினார். மொத்தம் இரண்டு வரி: இன்னார் எங்கள் வாடிக்கையாளர், கணக்கு நல்ல நிலையில் உள்ளது. இருப்புத் தொகை இல்லை, திறந்த தேதி இல்லை. கணக்கு எண்ணின் நடுவில் வரிசையாக நட்சத்திரக் குறிகள். கேட்டால் கவுண்ட்டரில் இருந்த பெண், "எங்க டெம்ப்ளேட் இதுதாங்கா, சிஸ்டத்துல வேற இல்ல" என்றாராம். கணக்கு திறந்த கிளைக்குப் போங்கள் என்று அனுப்பினார்கள். அந்தக் கிளை தலைமையகத்தைக் கைகாட்டியது. தலைமையகத்தின் பதில், கிளையில்தான் கேட்க வேண்டும். வாடிக்கையாளரின் சொந்தப் பணத்தைப் பற்றி வாடிக்கையாளருக்கே நான்கு வரி எழுதித் தர இத்தனை பேரின் அனுமதி! இதற்குள் கனடாவின் அறுபது நாள் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. விண்ணப்பிக்கச் சொல்லி கனடாவின் அழைப்பு வந்த நாளிலிருந்து அறுபது நாளுக்குள் எல்லாவற்றையும் ஏற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் அழைப்பு போய்விடும்.

அதனால் அழைப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் ப்ரொஃபைல் போட்டதுமே வங்கிக்குப் போய், உங்கள் வங்கி எப்படிப்பட்ட கடிதம் தரும் என்று பார்த்துவிடுங்கள். மாதக் கடைசியில் வேண்டாம். கனடா கேட்கும் விவரங்களை அவர்களின் இணையப் பக்கத்திலிருந்தே அச்செடுத்து, கையோடு ஒரு மாதிரிக் கடிதமும் தட்டச்சு செய்து கொண்டுபோங்கள். கவுண்ட்டரில் வாதாடிப் பயனில்லை. கிளை மேலாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்டதை மின்னஞ்சலிலும் அனுப்பி வையுங்கள். வாயால் "முடியாது" என்பவர்கள் எழுத்தில் அதைச் சொல்லத் தயங்குவார்கள். சராசரி இருப்பை மட்டும் தரவே மாட்டோம் என்றால், ஆறு மாத ஸ்டேட்மென்ட்டை வாங்கி ஒவ்வொரு பக்கத்திலும் வங்கியின் சாப் குத்தச் சொல்லுங்கள். சராசரியை நீங்களே கணக்கிட்டு, வங்கி ஏன் தரவில்லை என்று விளக்கக் கடிதம் எழுதிச் சேருங்கள்.

அந்தச் சராசரி ஏன் முக்கியம் என்றால், ஐந்து மாதம் 12,000 வெள்ளி இருந்த கணக்கில் ஆறாவது மாதம் 90,000 ஆனால் சராசரி 25,000தான். பார்த்தவுடன் தெரிந்துவிடும். நேர்மையான பணமாக இருந்தாலும் விளக்கம் இல்லாமல் அனுப்பாதீர்கள். கார் விற்றிருந்தால் விற்ற தாள், எஃப்டி உடைத்திருந்தால் அந்த ரசீது. எல்லாவற்றையும்விட நல்லது, பணத்தை ஆறு மாதம் முன்பே ஓர் இடத்தில் சேர்த்துவிட்டுக் கை வைக்காமல் இருப்பது.

கடன் பகுதியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வீட்டுக் கடனும் கார் கடனும் இல்லாத ஆள் இந்த ஊரில் யார்? இருப்பது குற்றமில்லை, மறைப்பதுதான் வம்பு. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் இசிக்ரிஸ் கடன் அறிக்கையை இலவசமாக எடுத்து, உங்கள் பெயரில் என்னென்ன கடன் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். மறந்துபோன பழைய கிரெடிட் கார்டு அதில் எட்டிப் பார்க்கும்.

பெயர் விஷயம் நமக்கென்றே உள்ள தலைவலி. பாஸ்போர்ட்டில் ஏ/எல், ஏ/பி (இன்னாரின் மகன், மகள் என்ற குறி) இருக்கும், வங்கிக் கடிதத்தில் இருக்காது. அல்லது நீளமான அப்பா பெயரை சிஸ்டம் பாதியில் வெட்டியிருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லி வாங்குங்கள். மலாயில் இருக்கும் தாள் எதுவானாலும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மலாய் நன்றாகத் தெரிந்த தம்பியோ, மொழிபெயர்ப்பாளராகவே வேலை பார்க்கும் சித்தப்பாவோ செய்தால் ஏற்க மாட்டார்கள். குடும்பத்தார் கூடாது என்பது விதி. சான்றிட்ட மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள்.

ஏற்றிவிட்டோம், இனிப் பணத்தை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விண்ணப்பிக்கும்போது மட்டுமல்ல, விசா தரும்போதும் அந்தப் பணம் இருக்க வேண்டும். நடுவில் புதுக் கடிதம் கேட்கலாம். விமான டிக்கெட்டை வேறு பணத்தில் வாங்குங்கள்.

கடைசி மாதச் சம்பளத்தையும் போனஸையும் கனடாவுக்குக் காட்டும் தொகையில் எண்ணிவிட வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டுப் போகும் ஊழியருக்கு முதலாளி முப்பது நாள் முன்பே வருமான வரி வாரியத்துக்கு சிபி 21 பாரம் அனுப்ப வேண்டும். வரி விடுவிப்புக் கடிதம் வரும்வரை, அதிகபட்சம் தொண்ணூறு நாள், உங்களுக்குத் தர வேண்டிய பணத்தை அவர் நிறுத்தி வைப்பார். பல கம்பெனிகளின் எச்ஆருக்கு இது ராஜினாமா செய்த மூன்றாவது வாரத்தில்தான் ஞாபகம் வரும். ராஜினாமாக் கடிதத்தோடு சேர்த்தே சிபி 21 அனுப்பச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பழைய வரி பாக்கி இருந்தால் டிக்கெட் போடுவதற்கு முன் கட்டிவிடுங்கள். வருமான வரிச் சட்டம் 104ஆம் பிரிவின் கீழ் விமான நிலையத்திலேயே நிறுத்த அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது.